சந்தனம் பூசிய பேஸ் கிட்டார்

தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. கூட வைத்திருந்த படமும் கிடைத்தது. பொண்ணு கண்ணாடி போட்டிருக்கிறாள், நல்ல களையான முகம். பக்கத்தில் நிற்கிற நீதான் திருட்டு முழி முழிக்கிறாய். ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் முடிந்துவிட்டது, முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே என்று எழுதியிருக்கிறாய். பெரம்பலூரில் பாதிக் கல்யாணத்துக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவள் நான். என் மருமகளுக்கு பம்பாயில் யாரோ ஒரு தையல்காரன் தைத்திருக்கிறான், தோள்பட்டையில் சுருக்கம் விழுந்திருக்கிறது, படத்திலேயே தெரிகிறது. கோபம் இல்லை என்று சொன்னால் பொய். அதை எழுத ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முழுக்க அதுவாகத்தான் இருக்கும். அதனால் அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, நீ கடைசியில் எழுதியிருந்த ஒரு வரிக்கு மட்டும் இப்போது பதில் எழுதுகிறேன்.

எல்லாம் எழுதி முடித்து, போகிற போக்கில் ஞாபகம் வந்த மாதிரி, "அந்த பேஸ் கிட்டாரை செல்வராசு அண்ணன் கேட்டா குடுத்துடு, எனக்கு இனிமே தேவைப்படாது" என்று எழுதியிருக்கிறாய். கல்யாணச் சேதியை நின்றுகொண்டே படித்தேன். இந்த வரிக்குத்தான் உட்கார்ந்துவிட்டேன். உன் சட்டையெல்லாம் பழசாகி மெஷின் துடைக்கிற துணியாகிவிட்டது. சைக்கிளை நீயே விற்றுவிட்டுப் போனாய். இந்த வீட்டில் உன்னுடையது என்று இருப்பது அந்த கிட்டார் மட்டும்தான். அதை வைத்துத்தான் நீ திரும்பி வருவாய் என்று நான் இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். அதையும் குடுத்துடு என்றால், எதை வைத்து நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

அது வீட்டுக்கு வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பொன்மலை ரயில்வே காலனியில் ஒரு ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரக் குடும்பம் ஊரை விட்டுக் கப்பலேறுகிறது, சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினாய். திருச்சி பஸ்ஸில் சீட்டு கிடைத்தும் உட்காராமல், பச்சைப் பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து இறங்கினாய். அப்போதே அது கிழடு. வார்னிஷ் உரிந்து, கை உரசுகிற இடத்தில் கட்டை வெளுத்துப் போயிருந்தது. அவர்கள் வீட்டுப் பெரியவர் இளவயதில் வாசித்ததாம். நான் தடவிப் பார்த்துவிட்டு, "ஏண்டா, நாலு கம்பிதானா? மிச்சக் கம்பியை அவங்களே வெச்சுக்கிட்டாங்களா?" என்று கேட்டேன். "பேஸ் கிட்டாருக்கு நாலுதாம்மா" என்றாய். இதில் பாட்டு வாசிக்க முடியுமா என்று கேட்டதற்கு, பாட்டுக்கு அடியில்தான் வாசிக்க முடியும் என்றாய். அடியில் வாசிக்கிறதுக்கு இவ்வளவு பெரிய கட்டையா என்று நான் சிரித்தேன். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய்.

அன்றைக்குச் சாயங்காலமே நம் வீட்டு ரேடியோவின் பின்பக்கத்தைப் பிரித்து, என்னவோ வயரை இழுத்து அதில் சொருகினாய். அது உர்ரென்று உறும ஆரம்பித்தது. கட்டி வைத்த நாய் பசியில் உறுமுகிற மாதிரி ஒரு சத்தம். நான் பயந்து சுவிட்சை அணைக்க ஓடினேன். "ஒண்ணும் இல்லம்மா, கம்பி மேல கை வெச்சா அடங்கிடும், வெச்சுப் பாரு" என்று என் கையைப் பிடித்து வைத்தாய். அடங்கிவிட்டது. கையை எடுத்தால் உறுமல், வைத்தால் அமைதி. எப்படிடா என்று கேட்டதற்கு, கீழே கம்பி உட்கார்கிற பிரிட்ஜுக்கு அடியிலிருந்து ஒரு மெல்லிய வயர் உள்ளே போகிறது, அது நம் உடம்பைத் தொடுகிற மாதிரிதான் என்று என்னவோ விளக்கினாய். எனக்குப் புரியவில்லை. ஆனால் கை வைத்தால் அடங்குகிறது என்பது பிடித்திருந்தது. பிறகு நீ வாசித்தாய். அலமாரியில் இருந்த எவர்சில்வர் தம்ளர்கள் எல்லாம் சேர்ந்து நடுங்கின.

சண்டையும் போட்டிருக்கிறோம். கம்பி மங்கிப்போய்ச் சத்தம் வரவில்லை, புதுக் கம்பி திருச்சியிலேயே கிடைக்கவில்லை என்று நீ ஒரு நாள் என் சோற்றுக் குண்டானில் வாஷிங் சோடாவைப் போட்டு நாலு கம்பியையும் வேகவைத்தாயே! கடையிலிருந்து வந்த நான் அடுப்பைப் பார்த்துவிட்டு, இடியாப்பம் என்று நினைத்து மூடியைத் திறந்தேன். அன்றைக்கு நான் பேசிய பேச்சு தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். "உங்கப்பா போனதுலேருந்து இந்தக் குண்டானுல ஒலை வெச்சுதாண்டா உன்னை ஆளாக்கினேன், இதுல போயி இரும்பை அவிக்கிறியே" என்று அழக்கூட அழுதேன். நீ கம்பியைத் துடைத்து மாட்டி, எனக்குக் கேட்கிற மாதிரி மெதுவாக வாசித்தாய். சத்தம் புதுசாக இருந்தது. அதற்குப் பிறகு அந்தக் குண்டானில் நான் சோறு வடிக்கவில்லை, ஆனால் தூக்கியும் போடவில்லை.

பம்பாயில் வயரிங் வேலை என்று நீ கிளம்பிய அன்று, அரியலூர் ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாய். நம்மூர் பஸ் ஸ்டாண்டோடு நான் நின்றுகொண்டேன். பஸ் கிளம்பும்போது ஜன்னலில் தலையை நீட்டி, "அம்மா, கம்பியை மட்டும் யாரும் தொடாம பாத்துக்க. சுருதி சேத்து வெச்சிருக்கேன். திருவிழா சீசனுக்கு வந்துருவேன்" என்று சொன்னாய். நானும் ஒருத்தரையும் தொட விடவில்லை. நீ எந்த முறுக்கில் விட்டுப் போனாயோ அதே முறுக்கில் வைத்திருந்தேன். சீசன் வந்தது, நீ வரவில்லை. அடுத்த சீசனும் அப்படித்தான். யாராவது கேட்டால், "கம்பி முறுக்கியே இருக்கு, வந்தா எடுத்து வாசிக்க வேண்டியதுதான்" என்று பெருமையாகச் சொல்வேன்.

தொட விடவில்லை என்று சொன்னேன், அது முழு உண்மை இல்லை. ஆயுத பூஜைக்கு நான் தொட்டேன். ஒவ்வொரு வருஷமும் தையல் மெஷின், கத்தரி, அளவு டேப் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைக்கும்போது, உன் கிட்டாரையும் இறக்கிப் பக்கத்தில் சாய்த்து வைப்பேன். மெஷினுக்கு எங்கே பொட்டு வைக்கலாம், எங்கே வைக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். உடம்பில் வைப்பேன், பாபின் பக்கம் போக மாட்டேன். கிட்டாருக்கு எது உடம்பு, எது உள்வேலை என்று யார் கண்டார்கள்? இரும்பாகப் பளபளக்கிற இடத்துக்கெல்லாம் வைத்தேன். தலையில் கம்பியை முறுக்குகிற கீ ஒவ்வொன்றுக்கும், அதன் பல்சக்கரத்துக்கும், கீழே கம்பி உட்கார்கிற பிரிட்ஜில் உள்ள ஒவ்வொரு குட்டித் திருகுக்கும், பிள்ளை எங்கேயோ இருக்கிறான், அவன் கைவேலை நல்லபடியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, நன்றாகக் குழைத்த சந்தனமாக வழிய வழிய வைத்தேன். துரு பிடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெயும் தடவினேன். கேட்டால் சிரிப்பாய், சிரி.

உன் கடிதம் வந்த வாரமே செல்வராசு வந்தார். நீ அவருக்கும் எழுதியிருக்கிறாய் போலிருக்கிறது. தலை நரைத்துவிட்டது, ஆனால் நீ வாசித்த அந்த மெல்லிசைக் குழுவை விடவில்லை. சிமெண்ட் பேக்டரி ஷிப்ட் முடிந்தால் ஒத்திகைதானாம். மீன்சுருட்டித் திருவிழாவுக்குக் கச்சேரி ஒத்துக்கொண்டிருக்கிறார், பேஸ் வாசிக்கப் பையன் இருக்கிறான், கிட்டார்தான் இல்லை என்றார். உறையைக் கழற்றி மடியில் வைத்து ஒரு கீயைத் திருகினார். அசையவில்லை. அடுத்ததும் அசையவில்லை. கம்பியை அழுத்திப் பார்த்தார், விரல் கட்டையைத் தொடவே இல்லை. கம்பி அவ்வளவு உயரத்தில் துணிக்கொடி மாதிரி நின்றது. பிறகு பிரிட்ஜைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்னம்மா இது, கிட்டாருக்குச் சந்தனக் காப்பு சாத்தியிருக்கீங்க?"

"ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சேன் தம்பி. தப்பா?"

"தப்புன்னு சொல்ல முடியுமா? திருவு அத்தனையும் கல்லாயிடுச்சு. கழுத்து வேற வளைஞ்சு போச்சு. இது இனிமே வூட்டுல சாமியா இருக்கலாம்மா, கச்சேரிக்கு ஆவாது."

எனக்குச் சுருக்கென்றது. கூடவே, மறைப்பானேன், ஒரு சந்தோஷமும் வந்தது. ஆகாது என்றால் வீட்டிலேயே இருக்கும். ஆனால் அவர் உறையை மாட்டும்போது பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. என் பிள்ளை பொத்திப் பொத்தி வைத்திருந்த சாமானை நான் பாழாக்கிவிட்டேன் என்று ஊர் பேசுவதற்கா இத்தனை நாள் காவல் காத்தேன்? "திருவிழாவுக்கு இன்னும் நாள் இருக்குல்ல, நான் சரி பண்ணித் தாரேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை, அது அவர் குணம். கழுத்து எப்படி நிமிரும் என்று மட்டும் கேட்டேன். "தலைகிட்ட சின்ன மூடி இருக்கு பாருங்க, அதைக் கழட்டினா உள்ள ஒரு நட்டு. கழுத்து நெடுக ஒரு இரும்புத் தண்டு ஓடுது, அதோட நட்டு. கம்பியைத் தளர்த்திட்டு அதைத் துளித்துளியா இறுக்கணும். நம்ம தம்பி இங்க இருந்தப்ப ஒரு துளி திருவிட்டு ஒரு நாள் விட்டுடுவான். அவசரப்பட்டா தண்டு முறிஞ்சிடும்" என்றார்.

நான் தையல்காரி. எனக்கு இருக்கிற ஆயுதம் ஊசி, மெஷின் ஆயில், மெஷினோடு வந்த குட்டி ஸ்குரூ டிரைவர். அவற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாயங்காலம் தையல் முடிந்ததும் ஜமக்காளத்தை விரித்து அதைக் கிடத்துவேன். ஒவ்வொரு திருகின் வாயிலும் காய்ந்த சந்தனத்தை ஊசி முனையால் நோண்டி எடுத்தேன், அடியிலிருந்து பழைய குங்குமம் சிவப்புத் தூளாக வந்தது. எண்ணெயும் தூசியும் சேர்ந்து பல்சக்கரத்தில் களிம்பு மாதிரி ஒட்டியிருந்தது. பழைய பல் பிரஷ்ஷில் மண்ணெண்ணெயைத் தொட்டுத் தேய்த்தேன், கட்டையில் படாமல் இருக்கத் துணியைச் சுற்றி வைத்தேன். ஒரு சொட்டு மெஷின் ஆயில், பிறகு காத்திருப்பது, மறுபடியும் ஒரு சொட்டு. ஒரு திருகின் தலையை வழுக்கடித்து நாசம் செய்துவிட்டேன், அதை நீ வந்து பார்த்துக்கொள். முதல் கீ திரும்பியபோது ஒரு கீச்சென்ற சத்தம் வந்தது பார், நான் தனியாக உட்கார்ந்து கை தட்டினேன். வீட்டில் பார்க்க ஆளில்லாததால் தட்ட முடிந்தது.

கம்பிகளைக் கழற்றிச் சோடா போட்டு வேகவைத்தேன். எந்தக் குண்டானில் என்று உனக்கே தெரியும். கொதிக்கிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, அன்றைக்கு உன்னை அப்படித் திட்டியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. வேறு யார் இருந்தார்கள் உனக்கு, என் குண்டானைத்தானே எடுக்க முடியும்.

கழுத்து நட்டுக்கு ஏற்ற ஸ்பேனரைச் சைக்கிள் கடையில் வாங்கிக்கொண்டேன். துளி திருகுவேன், விட்டுவிடுவேன். மறுநாள் கம்பியைக் கட்டி முறுக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுக்காகப் பார்ப்பேன். கொஞ்சம் நிமிர்ந்திருக்கும், போதாது. மறுபடியும் தளர்த்தித் துளி திருகுவேன். எனக்கு இது புதுப் பாடம், தம்பி. நான் எதையும் ஒரே இழுப்பில் நேராக்கப் பார்க்கிறவள். உனக்குப் பெண் பார்த்தபோதும் அப்படித்தான் இழுத்தேன். பூலாம்பாடியிலிருந்து ஜாதகம் வந்த அன்றைக்கே உனக்குத் தந்தி அடித்தேன், நீ பதிலே போடவில்லை. அதற்குப் பிறகுதான் உன் கடிதங்கள் சின்னதாகிப் போயின. புது வாழ்க்கை ஆரம்பிக்கிறாய், அதனால் சொல்கிறேன். அவள் ஊர் வேறு, பாஷை வேறு, சோறே வேறாக இருக்கும். எதுவாவது கோணலாகத் தெரிந்தால் அன்றைக்கே நிமிர்த்திவிடப் பார்க்காதே. துளி திருப்பிவிட்டு மறுநாள் வரைக்கும் சும்மா இரு. உன் அம்மாவுக்கு வராதது உனக்கு வரும், நீ இதே கையால் அதைச் செய்தவன்.

எல்லாம் பூட்டி முடித்து ரேடியோவில் சொருகினேன். உறுமியது. ஆசையாகக் கம்பி மேல் கை வைத்தேன். அடங்கவில்லை. கையை எடுத்து வைத்தேன், இரண்டு கையையும் வைத்தேன், உறுமிக்கொண்டே இருந்தது. அதுவரைக்கும் அழவில்லை, அப்போது அழுதேன். என் கையை அது மறந்துவிட்ட மாதிரி இருந்தது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு நீ சொன்ன வயரை நினைத்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் அணைத்து, பிரிட்ஜைப் பெயர்த்துத் தூக்கினேன். அடியில் அந்த மெல்லிய வயர், நான் வைத்த சந்தனத் தண்ணீர் இறங்கி இறங்கி, நுனி பச்சை பூத்து இற்றுப் போயிருந்தது. இற்றதைக் கத்தரித்து, நல்ல நுனியைச் சுரண்டி, பிரிட்ஜுக்கு அடியில் மடித்து வைத்து மேலே இறுக்கித் திருகினேன். மறுபடியும் சொருகிக் கை வைத்தேன். அடங்கியது. ரொம்ப நேரம் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வாசிக்கத் தெரியாது, கை வைக்கத்தான் தெரியும்.

செல்வராசு வந்து பார்த்தார். சுருதி சேர்த்து, பிரிட்ஜில் கம்பி உட்கார்கிற துண்டுகளை முன்னும் பின்னும் நகர்த்தி, காது வைத்துக் கேட்டுச் சரி செய்துகொண்டார். "இப்பத் திருவு திரும்புதும்மா" என்றார், அவர் வாயில் அதுவே பெரிய பாராட்டு. தூக்கிக்கொண்டு கிளம்பினார். நான் வாசலில் நின்று, "கச்சேரிக்கு எடுத்துட்டுப் போங்க, முடிஞ்சதும் கொண்டாந்து குடுத்துடுங்க" என்றேன்.

"தம்பி குடுத்துடச் சொல்லி எழுதியிருந்தானேம்மா?"

"அவன் சாமான், அவன் வந்து அவன் கையால குடுக்கட்டும்."

மீன்சுருட்டிக்கு நானும் போனேன். அரியலூரில் பஸ் மாறி, கூட்டத்தில் இடிபட்டுப் போய்ச் சேர்ந்தேன். ஜனங்கள் பாடுகிறவரைத்தான் பார்த்தார்கள், பேஸ் வாசித்த பையனை ஒருத்தரும் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் அந்தச் சத்தம் தரையிலிருந்து காலுக்கு ஏறியது. நடுவில் ஒரு பாட்டில் அவன் வாசிப்பதை நிறுத்தினான், பாட்டே பல்லில்லாத வாய் மாதிரி ஆகிவிட்டது. இத்தனை பேர் நடுவில் நின்றபோதுதான் வீட்டில் இருப்பதைவிட அதிகமாக உன்னைத் தேடியது.

சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார். கொடுக்கும்போது, "வாசிக்காத நாளுல கம்பியைத் தளர்த்தி வைங்கம்மா. வருசக்கணக்கா முறுக்கியே வெச்சதாலதான் கழுத்து வளைஞ்சுது" என்றார்.

"தொடவே கூடாதுன்னு சொல்லிட்டுப் போனானே!"

"நாலு மாசத்துல வந்துருவோம்னு நெனச்சுச் சொன்னதும்மா அது. இவ்வளவு நாள் ஆவும்னு அவனுக்கே தெரியாதுல்ல."

அவர் போன பிறகு அதை ஜமக்காளத்தில் கிடத்தி, ஒவ்வொரு கீயாகப் பின்பக்கம் திருப்பினேன். தடிமனான கம்பிதான் கடைசி. அது கீழே கீழே இறங்கிக் கடைசியில் சத்தமே இல்லாமல் தொய்ந்தது. பஸ் ஜன்னலில் நீ சொன்னதை இத்தனை வருஷம் கழித்து மீறிவிட்டேன். உன்னை எதிர்பார்ப்பதை நிறுத்திவிட்டேன் என்று நினைக்காதே, அது என்னால் ஆகாது. திருவிழாவுக்கு வருவாய், பொங்கலுக்கு வருவாய் என்று நாள் குறித்து இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பதைத்தான் விட்டிருக்கிறேன்.

கிட்டார் ரேடியோவுக்குப் பக்கத்தில்தான் சாய்ந்திருக்கிறது. வரும் ஆயுத பூஜைக்குக் கட்டையில் மட்டும், ஒரே ஒரு பொட்டு. மருமகளின் ரவிக்கை அளவை எழுதி அனுப்பு. உங்களுக்கு எப்போது முடிகிறதோ அப்போது இரண்டு பேரும் வாருங்கள். வந்ததும் கம்பியை நீ முறுக்கு. ரேடியோவில் சொருகினால் அது உறுமும், அவள் பயப்படுவாள். அவள் கையைப் பிடித்து அதன் மேல் வை.

அம்மா